பத்தாம் வசனத்தை யார் வாசிப்பது?

வயிறு எரிகிறது. இன்று எழுதாவிட்டால் இரவு தூக்கம் வராது.

நான் பிரசங்கிக்கிற எங்கள் சேகரம், அதாவது சபைகளின் தொகுதி, தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. போன ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் எரேமியா 29:11ஐ எடுத்தார். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." புது வருஷ வாக்குத்தத்த அட்டைகளில் நம் வீட்டுச் சுவர்தோறும் தொங்கும் வசனம். கைப்பேசியைப் பார்த்து வாசித்தார். அதே பிரசங்கம், கதை உட்பட, முந்தின வாரம் என் கைப்பேசிக்கும் வந்திருந்தது! "மூன்றே மாதத்தில் உங்கள் பிள்ளைக்கு வெளிநாட்டு விசா கைக்கு வரும், விசுவாசிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். ஆலயமே கையை உயர்த்தியது.

ஐயா, அதற்கு முந்தின பத்தாம் வசனத்தை ஒருமுறையாவது வாசித்தீர்களா? எழுபது வருஷம் என்று இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். முந்தின அதிகாரத்தைப் புரட்டினால் பொய்த் தீர்க்கதரிசி அனனியா நிற்கிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தவன். கர்த்தர் அவனை அனுப்பவில்லை. அந்த வருஷமே செத்தான். மூன்று மாதக் கணக்குச் சொல்லுகிறவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள்?

இதைச் சொன்னால், "ஆவியானவர் பேசுவார், படிப்பு எதற்கு?" என்கிறார்கள். இந்த மண்ணிலா இந்தப் பேச்சு? பாளையங்கோட்டையில் 1820இல் வந்து இறங்கிய மிஷனெரி ரேனியஸ் தமிழ் வேதாகமத்தைத் திருத்துவதில் எத்தனை வருஷம் உட்கார்ந்தார்! இடையன்குடியில் வெயிலில் வெந்த கால்டுவெல், 1871இல் வெளிவந்த திருத்திய தமிழ் வேதாகமத்துக்காக மற்றவர்களோடு சேர்ந்து சொல் சொல்லாக உழைத்தார். அவர்கள் விளக்கு வெளிச்சத்தில் தேடிய சொற்களை நாம் ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம்.

நான் மேதாவி இல்லை. வெள்ளி இரவும் சனிக்கிழமையும், ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கியத்தோடு உட்காருகிறேன், அவ்வளவுதான். அப்படி உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: ஏழாம் வசனத்தில், சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்திற்காக விண்ணப்பம் பண்ணச் சொல்லுகிறார், பதினோராம் வசனத்திலும் அதே 'சமாதானம்'. எபிரெயத்தில் இரண்டும் ஷாலோம்தான். எதிரியின் ஊர் வாழ வேண்டும் என்று ஜெபிக்கிறவனுக்குச் சொன்ன வார்த்தையைப் பிடுங்கி விசாவோடு ஒட்டிவிட்டார்களே என்று அந்த இரவில் அழுதேன்.

போன வாரம் ஆராதனை முடிந்து ஒரு தாய் தனியாக நின்றார். கணவர் இல்லை, ஓலைப்பெட்டி முடைந்து மகனைப் படிக்க வைத்தவர். அன்று முதல் வரிசையில் கை உயர்த்தியவரும் அவர்தான். "ஐயா, ஏழு மாதம் ஆகிவிட்டது. என் விசுவாசத்தில்தான் குறையா?" என்று கேட்டார். பொய்க்கணக்குச் சொன்னவர் காணிக்கைக் கவரோடு ஊருக்குப் போய்விட்டார். குற்றவாளிக் கூண்டில் இந்த அம்மா நிற்கிறார். இதை எப்படிப் பொறுப்பது?

வரும் ஞாயிறு எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் முழுமையாக எடுக்கப்போகிறேன். மூன்று கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், பண்டிகைக் கணக்கும் சொல்ல வேண்டும், பிரசங்கத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுங்கள் என்று கமிட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஓலையை வாசிக்கலாம், கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்த அம்மாவை முன் வரிசையில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.