"என்னுடையது ஒருமுறைகூடச் சிக்கியதில்லை" என்பது பதில் ஆகாது

அமெரிக்காவில் இருநூறு, முந்நூறு டாலருக்குள் கிடைக்கும் கைத்துப்பாக்கிகளை நம்பலாமா என்ற பேச்சு எழுந்தால், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உடனே இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "என்னுடையது ஒருமுறைகூடச் சிக்கியதில்லை" என்கிறது ஓர் அணி (சிக்குவது என்றால், சுடும்போது தோட்டாவோ உறையோ இடையில் மாட்டித் துப்பாக்கி நின்றுவிடுவது). "உங்கள் உயிரின் மதிப்பு இருநூறு டாலர்தானா?" என்று கேட்கிறது மற்றோர் அணி. முதல் துப்பாக்கியை வாங்க நினைத்து, கையில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த இரண்டு பதில்களாலும் எந்தப் பயனும் இல்லை. முதலாவது எத்தனை தோட்டாக்களைச் சுட்டபின் சொல்லப்பட்டது என்பது தெரியாது. இரண்டாவது எதையும் சுட்டுப் பார்க்காமலே சொல்லப்படுவது.

மற்றப் பொருள்களைப் பற்றி இப்படி மேலோட்டமாகப் பேசினால் பெரிய கேடு இல்லை. ஏனென்றால், மிக்சியோ குழந்தையின் தொட்டிலோ பழுதானதாக இருந்தால், 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி உத்தரவிட முடியும். துப்பாக்கியும் தோட்டாவும் அந்த ஆணையத்தின் அதிகார வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. ஆகவே, பழுதான கைத்துப்பாக்கியைத் திரும்பப் பெறுவது என்பது பெரும்பாலும் தயாரிப்பாளரின் விருப்பம், அல்லது யாரோ அடிபட்டு நீதிமன்றம் போனதன் விளைவு. விழுந்தால் வெடிக்கிறதா என்று பார்ப்பதற்குத் தொழில்துறை வகுத்திருக்கும் தரநிலைகள் உண்டு; ஆனால் அவை தயாரிப்பாளர்கள் தாமாக ஏற்றுக்கொள்பவை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள்தான் விற்பனைக்கு முன் சோதனையைச் சட்டமாக்கியிருக்கின்றன. இந்த நிலையில், ஏற்கெனவே வாங்கியவர்கள் சொல்லும் வார்த்தைதான் புதிதாக வாங்குபவருக்குக் கிடைக்கும் முதல் சான்று. அதனால்தான் அந்த வார்த்தையை அளந்து சொல்ல வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மலிவுத் துப்பாக்கிகளுக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் காரணமில்லாமல் வந்ததல்ல. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டு மலிவுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதிக்குத் தடை போட்டது. அதே அளவுகோலை உள்நாட்டுத் தயாரிப்புக்கு வைக்கவில்லை. அந்த இடைவெளியில், லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின் எனப் பல சிறு நிறுவனங்கள் முளைத்தன. உருக்குக்குப் பதிலாக அச்சில் வார்த்த துத்தநாகக் கலவையில், .25, .380 போன்ற சிறிய தோட்டா அளவுகளில், மிகக் குறைந்த செலவில் அவை துப்பாக்கிகளைச் செய்து குவித்தன. பிரைகோவின் ஒரு மாதிரியில், சுடும் அறைக்குள் (சேம்பர்) இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் பாதுகாப்புப் பூட்டைச் சுடும் நிலைக்குத் தள்ளியாக வேண்டும். 1994-இல் ஒருவர் அப்படித் தோட்டாவை வெளியே எடுக்க முயன்றபோது துப்பாக்கி வெடித்து, ஏழு வயதுச் சிறுவன் வாழ்நாள் முழுவதும் முடங்கிப்போனான். 2003-இல் நடுவர் குழு அந்நிறுவனத் தரப்பின் பங்காகச் சுமார் 2.4 கோடி டாலர் விதித்தது, நிறுவனம் திவாலானது. "மலிவுத் துப்பாக்கியா, வேண்டவே வேண்டாம்" என்று முதிய தலைமுறையினர் இன்றும் சொல்வதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஆனால், அந்த அச்சத்தை அப்படியே இன்றைய எல்லா மலிவுத் துப்பாக்கிகள் மீதும் ஏற்றிவிடுவது சரியன்று. ஒஹாயோவில் செய்யப்படும் ஹை-பாயிண்ட் சி9 மாதிரியைப் பாருங்கள். அதன் ஸ்லைடும், அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னே போய்த் திரும்பும் மேல்பாகமும், துத்தநாகக் கலவைதான். பெரும்பாலான 9 எம்.எம். பிஸ்டல்களில் தோட்டா வெடிக்கும் கணத்தில் பேரலும் (குண்டு வெளியேறும் குழாய்) ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னே நகரும். அழுத்தம் தணிந்த பிறகுதான் பூட்டு விடுபடும். சி9-இல் அந்தப் பூட்டே கிடையாது. பின்னுக்குத் தள்ளும் விசையைத் தாங்குவது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே. அதனால்தான் எட்டுத் தோட்டா மட்டுமே கொள்ளும் அந்தத் துப்பாக்கி சுமார் 820 கிராம் இருக்கிறது. பதினைந்து தோட்டா கொள்ளும் கிளாக் 19, மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) இல்லாமல் ஏறத்தாழ 600 கிராம்தான். கையில் எடுத்தவுடன் எடை முழுவதும் மேல்பக்கமாக இழுப்பது தெரியும். அழகில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாட வசதியில்லை. ஆனால், அசையும் பாகங்கள் குறைவு, பேரல் அசையாமல் நிலையாக இருக்கிறது. எனவே குறி பிசகுவதும் குறைவு. மலிவாகச் செய்ய வேண்டும் என்ற கட்டாயத்துக்குள் நின்று யோசித்த ஒரு பொறியாளரின் நேர்மையான விடை அது என்பேன். பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். குப்பை என்று சொல்வது நியாயமில்லை.

அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: மேகசினில். மேகசினின் மேல் விளிம்புகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து முதல் தோட்டாவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வளைவு மிகச் சிறிதளவு அகன்றுவிட்டாலோ குறுகிவிட்டாலோ, தோட்டா மேலே எழும் கோணம் மாறி, அதன் மூக்கு பேரலின் வாய்ச் சரிவில் முட்டி நின்றுவிடும். ஹை-பாயிண்ட் வைத்திருப்பவர்களில் பலர் குறடு ஒன்றை வைத்து விளிம்பை வளைத்துச் சரிசெய்வதைப் பெருமையாகவே சொல்வார்கள். அவர்களுடைய கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் "கொஞ்சம் வளைத்துவிட்டேன், அதன்பின் சிக்கவே இல்லை" என்ற வாக்கியத்தின் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வது, கேட்பவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

விலை கூடினால் கவலை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. ரெமிங்டன் ஆர்51 நானூறு டாலரைத் தாண்டிய விலையில் 2014-இல் கடைக்கு வந்து, அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க ராணுவம் 2017-இல் தேர்ந்தெடுத்த சிக் பி320-இன் பொதுமக்கள் மாதிரி, குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் இலவச மாற்றத்தை அறிவிக்க நேர்ந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு எக்ஸ்டி-எஸ் 2013-இலும், ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி 2020-இலும் திரும்ப அழைக்கப்பட்டன. அதிக விலை பொதுவாக நல்ல உருக்கையும், சீரான ட்ரிகரையும், பாகங்களின் நெருக்கமான பொருத்தத்தையும் வாங்கித் தரும். அதை மறுக்கவில்லை. உங்கள் கையில் உள்ள அந்த ஒரு துப்பாக்கி, நீங்கள் போடும் அந்தத் தோட்டாவோடு ஓடுமா என்பதற்கு மட்டும் விலைச்சீட்டில் விடை கிடையாது.

அப்படியானால் எதை நம்புவது? எண்ணிக்கையை. கலிபோர்னியாவின் சோதனை முறை இங்கே நல்ல வழிகாட்டி. ஒரு மாதிரியில் மூன்று துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டாக்களைச் சுடுகிறார்கள். முதல் 20 தோட்டாக்களில் ஒரு கோளாறும் இருக்கக் கூடாது. ஒரு துப்பாக்கியின் 600 தோட்டாக்களிலும் சேர்த்து ஆறுக்கு மேல் போகக் கூடாது. இதைக் கடுமையான சோதனை என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சிக்கினாலும் தேறிவிடலாம். இருந்தும், நம்மில் பெரும்பாலோர் இந்த எளிய சோதனையைக்கூடத் தம் துப்பாக்கிக்கு வைப்பதில்லை. ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா, சுட்டுவிட்டு "பிரமாதம்" என்று எழுதுகிறோம்.

அந்த 50-இன் மதிப்பு என்ன என்று பார்ப்போம். கோளாறே இல்லாமல் ஒரு சோதனை முடிந்தால், 3 என்ற எண்ணைச் சுட்ட எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது புள்ளியியலில் உள்ள ஓர் எளிய வழி. உண்மையான கோளாறு விகிதம் அந்த அளவைத் தாண்டாது என்று ஏறத்தாழ 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்குக் குறைவாக எதையும் சொல்ல முடியாது. 50 தோட்டாவுக்கு அந்த எல்லை 6 சதவீதம். 200-க்கு 1.5 சதவீதம். ஒன்றரை சதவீதம் என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பத்துத் தோட்டா உள்ள மேகசின் ஒன்றைச் சுட்டு முடிப்பதற்குள் ஒருமுறையாவது சிக்குவதற்கு அதன்படி ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 500 தோட்டா சுத்தமாக ஓடினால் எல்லை 0.6 சதவீதத்துக்கு இறங்கும். என்னைக் கேட்டால், 500-க்குக் குறைந்த எண்ணிக்கையில் யாரும் "நம்பலாம்" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

இங்கேதான் ஏழை வாங்குபவரின் சிக்கல் தொடங்குகிறது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அதுதான். பயிற்சிக்கான 9 எம்.எம். தோட்டா ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 சென்ட் வரை ஆகிறது. 500 தோட்டாவுக்கு 125 முதல் 150 டாலர். தற்காப்புக்கு வைத்துக்கொள்ளும் ஹாலோ பாயிண்ட் (குழிந்த மூக்கு) தோட்டா ஒன்றுக்கு ஒரு டாலர் வரை போகும். உருண்டை மூக்குத் தோட்டாவை ஒழுங்காக விழுங்கும் துப்பாக்கி, தட்டையான, குழிந்த மூக்குள்ளதைக் கண்டவுடன் திணறுவது சர்வசாதாரணம். ஆகவே அதிலும் ஓரிரு பெட்டியாவது சுட்டுப் பார்த்தாக வேண்டும். சுடும் தளத்தின் கட்டணம் தனி. கூட்டிப் பார்த்தால், இருநூறு டாலர் துப்பாக்கியை நம்புவதற்கு இன்னும் இருநூறு டாலர் வேண்டும். அந்த இரண்டாவது இருநூறு இல்லாதவர்தான் முதல் இருநூறுக்கே துப்பாக்கி தேடுகிறார். ஐந்நூற்றைம்பது டாலர் துப்பாக்கி வைத்திருப்பவர் அவரைப் பார்த்து "காசைச் சேர்த்து நல்லதாக வாங்கு" என்று சொல்வது எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது. இரவு வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து தனியாக நடந்து வரும் பெண்ணுக்கு, சேர்த்து முடிக்கும் வரை ஆபத்து காத்திருக்குமா? அவருக்குத் தேவை ஏளனமல்ல. அவரால் சுட இயலாத 500 தோட்டாவை ஏற்கெனவே சுட்டவர்கள், அந்தக் கணக்கை மறைக்காமல் சொல்வதுதான் அவருக்குத் தேவை.

கணக்கு என்றால் சில விவரங்களாவது அதில் வேண்டும். எந்த மாதிரி, புதியதா பழையதா, எத்தனை தோட்டா, எந்தத் தோட்டா, எத்தனை மேகசின், எப்போது கடைசியாகச் சுத்தம் செய்தது, சிக்கியபோது எப்படிச் சிக்கியது. கடைசிக் கேள்வி மிக முக்கியம். சுட்டு முடித்த வெற்று உறை வெளியே பறக்காமல், மூடிவரும் ஸ்லைடுக்கும் பேரலுக்கும் நடுவே புகைபோக்கி போலச் செங்குத்தாக நின்றுவிட்டால், காரணம் வலுவில்லாத தோட்டாவாகவோ பிடித்தவரின் தளர்ந்த மணிக்கட்டாகவோ இருக்கலாம். பின்னுதைப்பைக் கை வாங்கிக்கொண்டால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. எடை குறைந்த சிறிய பிஸ்டல்களில் இது மிக அதிகம். அதுவே, ட்ரிகரை இழுத்தும் வெடிக்காமல், எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் பிரைமரில் (ஊசி அடித்ததும் தீப்பற்றும் அடிப்பகுதி) மெல்லிய ஒரு பள்ளம் மட்டும் இருந்தால், ஊசி போதிய விசையோடு அடிக்கவில்லை, அல்லது பிரைமர் கடினமானது. முன்னதற்குப் பிடியைத் திருத்த வேண்டும். பின்னது வேறொரு நிறுவனத்தின் தோட்டாவிலும் தொடர்ந்தால் துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கே அனுப்ப வேண்டும். "ஜாம் ஆகிறது" என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிட்டால் யாருக்கும் தெளிவு பிறக்காது.

வாழ்நாள் வாரண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹை-பாயிண்ட் தன் வாரண்டியைக் கைமாறி வாங்கியவருக்கும் கேள்வி கேட்காமல் தருகிறது; பாராட்ட வேண்டிய செயல். ஆனால், நம்பகத்தன்மையைப் பற்றிக் கேட்கும்போது வாரண்டியைப் பதிலாகச் சொல்பவர்கள் கேள்வியையே மாற்றிவிடுகிறார்கள். திருடன் உள்ளே வந்துவிட்ட நேரத்தில், பழுதைச் சில வாரங்களில் சரிசெய்து அனுப்புவோம் என்ற உறுதிமொழிக்கு என்ன மதிப்பு?

எத்தனை தோட்டா சுட்டாலும் உரிமையாளரின் அனுபவத்தால் கண்டுபிடிக்க முடியாத ஒன்று உண்டு. அது, கீழே விழுந்தால் வெடிக்குமா என்பது. குண்டு ஏற்றிய துப்பாக்கியைக் காங்கிரீட்டில் போட்டுப் பார்க்கும் பைத்தியக்காரத்தனத்தை யாரும் செய்யக் கூடாது. இந்த ஒன்றில் திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் நீதிமன்ற ஆவணங்களையும்தான் நம்ப வேண்டும். ரூகர் எல்சிபி வெளிவந்த 2008-ஆம் ஆண்டிலேயே இந்தக் காரணத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. டாரஸ் நிறுவனத்தின் பழைய மாதிரிகளில் சுமார் பத்து லட்சம் பிஸ்டல்கள் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தொடரப்பட்ட வழக்கை, அந்நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசமாக முடித்துக்கொண்டது. பிடி-111 மில்லேனியமும் பிடி-24/7-உம் அந்தப் பட்டியலில் இருந்தன. அதன்பின் வந்த ஜி2சி, ஜி3 வரிசை வேறு. அவற்றைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் ஏராளம், நானும் சொல்வேன். ஆனால் அடகுக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய மில்லேனியமும் புதிய வரிசையும் பக்கத்துப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில், பழையது இன்னும் மலிவாகக் கிடக்கின்றன. பழைய துப்பாக்கியை வாங்க நினைப்பவர், மாதிரிப் பெயரையும் சீரியல் எண்ணையும் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரிடம் கேட்டு, திரும்பப் பெறும் வேலை அதில் செய்யப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். "டாரஸ் நன்றாக இருக்குமா?" என்று ஒருவர் கேட்கும்போது, எந்த டாரஸ், எந்த ஆண்டு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்பவரின் கருத்தை, அது புகழ்ச்சியாக இருந்தாலும் இகழ்ச்சியாக இருந்தாலும், நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.