பிஎஃப் இருக்கிற கம்பெனியும் இல்லாத பட்டறையும் ஒரே பனியன்தான்

முறைசார்ந்த வேலை ஒரு பக்கம், அமைப்புசாரா வேலை இன்னொரு பக்கம், நாடு வளர வளர ஆட்கள் எல்லாம் அமைப்புசாரா வேலையிலிருந்து முறைசார்ந்த வேலைக்கு வந்துவிடுவார்கள் என்று டிவி விவாதங்களில் பேசுகிறார்கள். நோபல் வாங்கிய ஆர்தர் லூயிஸ் 1954-ல் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். அவர் திருப்பூரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, விடுங்கள்.

இங்கே ஒரு டி-ஷர்ட் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆர்டர் எடுப்பது பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. அங்கே பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), ஆடிட், தீயணைப்பான் எல்லாம் சுத்தமாக இருக்கும். துணி ஒரு நிட்டிங் யூனிட்டில் ஓடி, சாயப்பட்டறைக்குப் போய், பிரிண்டிங் எங்கேயோ முடிந்து, அவசர ஆர்டர் என்றால் தையலில் பாதி ஒரு சந்துக்குள் இருக்கிற ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போகும். அங்கே பத்துப் பதினைந்து மெஷின், பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை கையில் சம்பளம். பிசிறு வெட்டுவது அதற்கும் கீழே, யாரோ ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில். 20 பேருக்குக் கீழே இருந்தால் பிஎஃப் சட்டம் பொதுவாக எட்டிப் பார்க்காது, அதனால் பட்டறை எதுவும் 20-ஐத் தாண்டி வளர ஆசைப்படுவதில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் இன்னும் வேடிக்கை. நாலு தறி வைத்துக்கொண்டு தானே ராத்திரி முழுக்க ஓட்டி, பாவு நூல் கொடுத்தவரிடம் கூலி வாங்குகிற மனிதர் காகிதத்தில் 'முதலாளி'.

தொழிலாளிகளே பிஎஃப் வேண்டாம் என்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். "பிடித்தமெல்லாம் வேண்டாமுங்க, கையிலயே குடுத்துருங்க" என்பதை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு அவர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800; கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். வேண்டாம் என்பது நஷ்டம்தான். ஆனால் பென்ஷன் வர 10 வருஷ சர்வீஸ் வேண்டும், அதுவும் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். சீசனுக்கு ஒரு கம்பெனி, நடுவில் பட்டறை, பிள்ளைப்பேறுக்கு ஊர் என்று ஓடுகிறவருக்கு அந்த 10 வருஷம் எப்போது சேரும்? போதாததற்கு ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்று இருந்துவிட்டால் சொந்தப் பணத்தை எடுக்கவே அலைய வேண்டும். சனிக்கிழமைப் பணத்தை நம்புகிறவரை விவரம் தெரியாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டறையை எல்லாம் ரெய்டு விட்டுப் பதிவு செய்ய வைத்தால் சரியாகிவிடும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள். கட்டடத் தொழிலில் வேறு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1996-ல் வந்த சட்டம் தொடங்கிவைத்த முறைப்படி கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலாகி நல வாரியத்துக்குப் போகிறது. கொத்தனார் யாரிடம் வேலை செய்தார் என்பது முக்கியமில்லை, பதிவு செய்திருந்தால் போதும். பதிவுக்கும் புதுப்பிக்கவும் அலைய விடுகிறார்கள், அது தனிச் சண்டை. தையலுக்கும் விசைத்தறிக்கும் வாரியம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த 1 சதவீதம் மாதிரி ஒரு வரத்து அதற்கு இல்லை. ஏற்றுமதி பில்லிலேயே ஒரு சின்னப் பங்கைப் பிடித்து அந்த வாரியத்தில் போட்டால், பிசிறு வெட்டுகிற அக்கா வரைக்கும் போகும்.

ஏற்றுமதியாளர் சங்கத்தில் இருக்கிற நண்பர்கள் இதைப் படித்தால், ஏன் முடியாது என்று கணக்கோடு சொல்லுங்கள். "ரேட் கட்டாது" என்று மட்டும் சொல்லாதீர்கள், நூல் விலை இறங்கின வருஷமும் அதையேதான் சொன்னீர்கள்.