நீண்ட ஓட்டத்தில் வேகம் வேண்டாம்
மாரத்தான் பயிற்சி பற்றிய ஒரு கட்டுரை, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தையும் போட்டி நாள் வேகத்திலேயே ஓடச் சொல்கிறது. முதல்முறை மாரத்தான், அதாவது 42.195 கி.மீ., ஓடப் போகிறவர்களுக்கு இது சரிப்பட்டு வராது. பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். உடம்பு கொழுப்பை நன்றாக எரிக்கப் பழகுவது அந்த வேகத்தில்தான். 30 கி.மீ. வாக்கில் தசையில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் தீர ஆரம்பிக்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

அப்புறம், சென்னை மாரத்தான் ஜனவரியில். அதற்கான நீண்ட ஓட்டங்கள் அக்டோபர், நவம்பரில் வரும். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலை நாலரைக்கே கிளம்பினாலும் காற்றில் ஈரப்பதம் குறையாது. வியர்வை உலராமல் பனியன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், ஷூவுக்குள் சாக்ஸ் சளசளக்கும். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அது உயிருக்கே ஆபத்து. உப்புக்கு மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். போதும்; தெம்புக்கு வாழைப்பழமோ பேரீச்சையோ. எதுவானாலும் போட்டியன்று புதிதாகச் சாப்பிடாதீர்கள், இந்த ஓட்டங்களிலேயே சாப்பிட்டுப் பாருங்கள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 30, 32 கி.மீ. ஓடியாயிற்றென்றால் அதற்கு மேல் கூட்ட வேண்டாம், தூரத்தைக் குறைக்கத் தொடங்குங்கள்.