எம்மிட் ஸ்மித் அன்றைக்கே இரண்டாம் இடம்தான்

ஒருவர், "எஸ்காம்பியா பள்ளி ஆட்டங்களுக்கு நின்ற நடுவர்களே சொல்கிறார்கள், அமெரிக்கப் பள்ளி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிக கெஜம் ஓடியவர் எம்மிட் ஸ்மித்தான்" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. (இங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்; ஸ்மித் அதில் பந்தோடு ஓடும் வீரர்.)

ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் இருக்கிற அந்தப் பள்ளிக்காக ஸ்மித் ஓடியது 8,804 கெஜம், 106 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). ஆரம்பத்திலிருந்தே களமிறங்கிய 49 ஆட்டங்களில் 45-ல் நூறு கெஜத்தைத் தாண்டினார். பிரமிப்பான கணக்கு. ஆனால் அன்றைக்கும் அது தேசிய அளவில் இரண்டாம் இடம். முதலிடத்தில் டெக்சாஸின் சுகர்லேண்ட் பள்ளியில் ஆடிய கென் ஹால் இருந்தார்: 11,232 கெஜம். 1953-ல் அவர் முடித்து வைத்த அந்தச் சாதனையை 59 வருடம் யாராலும் தொட முடியவில்லை. 2012-ல்தான் ஃபுளோரிடாவின் யூலி பள்ளி மாணவர் டெரிக் ஹென்றி 12,124 கெஜத்தோடு அதை முறியடித்தார். ஹாலின் பெயர் இப்படி விடுபட்டுப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நடுவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பந்து எங்கே நின்றது என்று குறிப்பதுதான் அவர்கள் வேலை. யார் எத்தனை கெஜம் ஓடினார் என்று கூட்டி வைப்பது அணியின் புள்ளிவிவரம் குறிப்பவர்கள். அப்புறம், நடுவர்களில் ஒருவரான, தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் அம்பயரை நோக்கித்தான் ஓடுபவர் பாய்ந்து வருவார். ஓடுபவர் எப்படித் திரும்பினார், அடிபட்டும் எப்படி விழாமல் போனார் என்பதை அந்த அம்பயர் சொன்னால் நான் அப்படியே நம்புவேன். மொத்தக் கணக்குக்கு மட்டும் பதிவேட்டைப் பாருங்கள்.