தலையில சட்டி கவிழ்த்த கணக்கு

கட்டட வேலை செய்யிற ஆக்களின்ர ஹெல்மெட்டை ஒருக்காக் கழற்றி உள்ளுக்குப் பாருங்கோ. பாதிப்பேருக்குத் தலையைத் தாங்கிற உள்பட்டியே இல்லை! தலையைக் கடிக்குதாம், வெட்டி எறிஞ்சாச்சு. மிச்சப்பேருக்கு, பட்டிக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில மடிச்ச துவாயும் பீடிக்கட்டும். அந்த 3 சென்ரிமீற்றர் இடைவெளி என்ன, சாமான் வைக்கவோ விட்டது? கல்லு விழேக்க பட்டி இழுபட்டு அடியை வாங்கிறது அந்த இடத்துக்குள்ளதான். அடைச்சு வச்சால் அடி நேர மண்டைக்கு.

யாழ்ப்பாண வெய்யில் வேற. நிறம் மங்கி, மேல் மாப்பூத்து, பிளாஸ்ரிக் நொறுங்கிற பதத்துக்கு வந்திடும். ரெண்டு பக்கமும் பிடிச்சு மெல்ல அமத்தேக்க நெரியிற சத்தம் கேட்டால் குப்பைக்குத்தான். பெயின்ற் பட்டால் தின்னரால துடைக்கினம். அது பிளாஸ்ரிக்கை அரிச்சுப் பலவீனமாக்கும், வெளியால தெரியாது. இளஞ்சூட்டுத் தண்ணியும் சவுக்காரமும் காணாதோ?

முன் விளிம்புக்குக் கீழ அம்புக்குறியோட சின்ன வட்டம் இருக்கும். அம்பு காட்டுறது செய்த மாதம், நடுவில வருசம். பட்டிக்கு 12 மாதம், ஓட்டுக்கு 5 வருசம் எண்டு கனபேர் வைக்கிற கணக்கு. பலமா அடிபட்டால், வெடிப்புத் தெரியாட்டியும் அண்டைக்கே மாத்தவேணும்.

ஆர் மாத்தினம்? ஆணி போட்டுவைக்கவும் கலவை அள்ளவும் உதுதானே கிடைச்சது!