முதலில் படத்தைப் போடுங்கள், பேச்சு அப்புறம்

நாலு நாளாக மனசு ஆறவே இல்லை. இங்கே கொட்டினாலாவது கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை சென்னையில் ஒரு குறும்படத் திரையிடல். வாய்ப்புக் கிடைக்காத சுயாதீன இயக்குநர்களுக்கான மேடை என்று பெரிதாக போஸ்டர் அடித்திருந்தார்கள். 7 படங்கள், மாலை 6 மணி. அதில் ஒன்று நான் எடிட் செய்தது. இயக்கியவள் திருத்தணிப் பக்கம் ஒரு இருளர் குடும்பத்துப் பெண், என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிவிட்டு, அந்தக் கடன் தீராமல் வருஷக்கணக்கில் கல் அறுத்தவர்கள். படம் 14 நிமிடம். விடிவதற்கு முன்னால் இருட்டில் அம்மா கல் அறுத்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பார், ஏனென்றால் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, எண்ணாமல் விட்டால் கணக்கில் அடித்துவிடுவார்கள். அந்தக் குரல்தான் படம். வேறு வசனம் ஏறக்குறைய கிடையாது. நடித்தது அவளுடைய அம்மாவேதான்.

அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒன்பது பேர் மின்சார ரயில் பிடித்து ஐந்தரைக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது ஏழேகால். அதுவரை அரங்கத்தில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்த பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஸ்பான்சர் ஒருவருடைய உரை, அந்த உரைக்கு நன்றி சொல்லி இன்னொருவருடைய உரை. முதல் படம் தொடங்கும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது.

சிறப்பு விருந்தினர் எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? பி.கே. ரோசியைப் பற்றி. மலையாளத்தின் முதல் கதாநாயகி, தலித் பெண், நாயர் பெண்ணாக நடித்துவிட்டார் என்பதற்காகத் திருவனந்தபுரத்துக் கொட்டகையில் திரை மேல் கல்லெறிந்தார்கள், ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று, மீதி வாழ்க்கையை நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். எல்லாம் உண்மைதான், பேச வேண்டியதுதான். இருபத்தைந்து நிமிஷம் பேசினார். அவர் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தன் முகத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரையில் பார்க்க வந்த ஒரு அம்மா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் விருந்தினர் கிளம்பிவிட்டார். ஒரு படம்கூடப் பார்க்கவில்லை.

சரி, எங்கள் படம் வந்தது. மூன்றாவது படம். இருட்டு, தவளைச் சத்தம், மண்ணைப் பிசைகிற சத்தம் எல்லாம் கேட்கிறது. அம்மாவின் வாய் அசைகிறது, குரல் இல்லை.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. 5.1 மிக்ஸ் என்றால் சத்தத்தை ஆறு தனித்தனி சேனலாகப் பிரித்து வைப்பது, அதில் பேச்சு பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். அந்தக் கோப்பைப் போட்டு, இடது வலது இரண்டை மட்டும் ஸ்பீக்கருக்கு எடுத்தால் குரல் அப்படியே காணாமல் போகும். இப்படி ஆகும் என்று பயந்துதான் ஸ்டீரியோவில், அதாவது இடது வலது இரண்டிலேயே குரலும் வரும்படி, தனியாக ஒரு கோப்பு கொடுத்து, பெயரிலேயே "இதைப் போடவும்" என்று எழுதியிருந்தேன். மதியம் மூன்று மணிக்கு வந்து ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று இரண்டு முறை போன் செய்தேன். "அதெல்லாம் நம்ம பசங்க பாத்துப்பாங்க சார்" என்றார்கள். பின்னால் ஓடிப் பார்த்தால் சவுண்ட் சர்வீஸிலிருந்து வந்த ஒரு பையன் தனியாக நிற்கிறான். ஏழு படத்தையும் அவனிடம் ஒரே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோப்பை மாற்றி, முதலிலிருந்து போடச் சொன்னேன். அமைப்பாளர் ஓடி வந்து, ஒன்பதரைக்கு ஹால் பூட்டிவிடுவார்கள், இன்னும் நாலு படம் இருக்கிறது, திரும்பப் போட நேரமில்லை, அப்படியே தொடருங்கள் என்றார்.

14 நிமிஷம் இல்லையாம்! இருபத்தைந்து நிமிஷப் பேச்சுக்கு இருந்தது, பொன்னாடைக்கு இருந்தது, ஸ்பான்சருக்கு இருந்தது. 14 நிமிஷம் மட்டும் இல்லை.

கடைசி ஆறு நிமிஷம் குரலோடு ஓடியது. எழுநூற்றுச் சொச்சத்திலிருந்து எண்ணுவது கேட்டது. முதலிலிருந்து கேட்காதவனுக்கு அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் இருக்கும்? வெளியே வந்ததும் அம்மா என்னிடம், "தம்பி, நான் பேசினது எங்க போச்சு?" என்று கேட்டார். இயக்குநர் ஒன்றும் பேசவில்லை. கலந்துரையாடலுக்கு நிற்காமல் எல்லோரும் சென்ட்ரலுக்கு ஓடினார்கள். அவளுக்கு வைத்திருந்த நினைவுப் பரிசை என் கையில் கொடுத்தார்கள். அது இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.

திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்குப் போயிருக்கிறேன். கைரளி, ஸ்ரீ, நிளா அரங்கங்களில் நான் பார்த்த காட்சிகள் எல்லாம் சொன்ன நேரத்துக்கு விளக்கை அணைத்துத் தொடங்கின, பேசியது படம் முடிந்த பிறகு. அதற்குப் பெரிய பணம் ஒன்றும் வேண்டாம். படம்தான் நிகழ்ச்சி என்று நினைத்தால் போதும். இந்த மாதிரிப் படம் கொட்டகைக்கு வரப்போவதில்லை, யூடியூபில் ஏற்றினால் பஸ்ஸில் நின்றுகொண்டு பாதி பார்ப்பார்கள். இருட்டில் நூறு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது அந்த ஒரு ராத்திரிதான். அதைத்தான் பறித்தார்கள்.

அமைப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அடுத்த ஞாயிறு அவள் ஊரிலேயே வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போடப் போகிறோம். புரொஜெக்டர் கிடைத்துவிட்டது. திருத்தணி, அரக்கோணம் பக்கம் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி இரவல் தரக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீரியோ கோப்பும் என் கையிலேயேதான் வரும்.