பேரைச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?

ஐடி – ஐடி. டிஜே நிறுத்தாம கலந்து போடற செட்டுல என்னென்ன பாட்டுன்னு போடற பட்டியல்தான் டிராக்லிஸ்ட். அதுல ஒரு பாட்டோட பேரும் பண்ணவன் பேரும் தெரியலன்னா, இல்ல சொல்ல மாட்டேன்னா, இப்படித்தான் போடுவாங்க. இதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது எனக்கு.

நேத்து ராத்திரியும் இதே கூத்துதான். ரெண்டு மணி நேர டெக்னோ செட், வெளிநாட்டு கிளப் ஒண்ணுல ரெக்கார்ட் பண்ணது. முக்கால்வாசி தாண்டினதும் ஒரு டிராக் உள்ள வருது. அதுவரைக்கும் விடாம இடிச்சுக்கிட்டிருந்த கிக், அதான் அந்த டம் டம் அடி, சட்டுனு நின்னு, பேஸ்லைன்ங்கிற அடிநாதம் மட்டும் அடியில உருண்டுக்கிட்டிருக்கு. அதுக்கு மேல ஒரு பெண் குரல். ஒரே வரியைத் துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்கான், ஆனா ஒவ்வொரு சுத்துலயும் கடைசி எழுத்தை மட்டும் வெட்டாம இழுக்க விட்டிருக்கான். அந்த இழுவை நீண்டுக்கிட்டே போகுது, பின்னாடி ஹை-ஹாட்டோட சிக் சிக் சத்தம் பொடிப்பொடியா வந்து சேருது, இதோ இறங்கப் போகுது, இதோ இறங்கப் போகுதுன்னு நெஞ்சு அடிச்சுக்கும்போது கிக் திரும்ப வந்து விழுது பாருங்க! ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு டிராக் என்னை உலுக்கி எடுத்துச்சு. யாருடா பண்ணது இதுன்னு டிராக்லிஸ்டைத் திறந்தா, இதுக்கு முன்னாடி வந்ததுக்குப் பேர் இருக்கு, பின்னாடி வந்ததுக்குப் பேர் இருக்கு, வெளியிட்ட கம்பெனி, அதான் லேபிள், அது பேர்கூட இருக்கு. நடுவுல இது மட்டும் ஐடி – ஐடி. பேர் தெரியாத பொணத்துக்கு நம்பர் போட்டு வெச்ச மாதிரி.

சரி, பாட்டைக் கேட்டுப் பேர் சொல்ற செயலி இருக்கேன்னு அதைத் திறந்தேன். அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இதுல இருக்கிற வில்லங்கமும் தெரியும். பாட்டுல எந்த நொடியில எந்த அலைவரிசை உச்சத்துல இருக்கு, அடுத்த உச்சம் எவ்வளவு தள்ளி வருதுன்னு புள்ளி வெச்சு ஒரு கைரேகை எடுத்து வெச்சுக்கும். டிஜே வேகத்தை நாலஞ்சு சதவீதம் ஏத்திட்டு, போன டிராக்கோட கிக்கை இன்னும் கையில பிடிச்சுக்கிட்டு, அடுத்ததோட பெர்கஷனையும் மேல ஏத்தினா அந்தக் கைரேகை கலைஞ்சு போயிடும். அதனால முதல்ல ஒண்ணும் வரல. குரல் மட்டும் தனியா வர்ற இடத்துல வெச்சப்போ ஒரு பேர் வந்துச்சு. ஆஹான்னு போட்டுக் கேட்டா, குரல் அதேதான், வரியும் அதேதான். ஆனா கீழ ஓடறது ஹோட்டல் லாபியில காபி குடிக்கிறவங்களுக்குப் போடற சமாச்சாரம். ஒரு உசுரும் இல்ல.

அப்ப நான் கேட்டது ரீமிக்ஸ். யாரோ ஒருத்தன் இந்தச் சப்பைப் பாட்டை எடுத்து, குரலைத் தவிர மத்ததெல்லாம் தூக்கிக் கடாசிட்டு, புதுசா கட்டியிருக்கான். எவன் அவன்? பாட்டுப் பேரோட ரீமிக்ஸ்னு சேர்த்துத் தேடினா என்ன வந்துச்சு தெரியுமா? ஸ்பெட் அப் வெர்ஷன். ஸ்லோட் பிளஸ் ரிவெர்ப் வெர்ஷன். 8டி ஆடியோ, ஹெட்போன் போட்டுக் கேளுங்க. நைட்கோர், அதுவும் வேகத்தையும் குரலையும் ஏத்தினதுதான். அதே பாட்டை ஒரு மணி நேரம் ஓட விட்டது. பேஸ் பூஸ்டட். ஸ்பெட் அப்பை மறுபடியும் ஸ்லோட் பண்ணதுகூட இருக்கு! ஏன்யா, ஒரு ஸ்லைடரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திட்டு அதுக்கு ரீமிக்ஸ்னு பேரா? டாம் மவுல்டன்னு ஒரு மனுஷன் 1970கள்ல டேப்பைக் கையால வெட்டி ஒட்டி, மூணு நிமிஷப் பாட்டை ஆடறவங்களுக்காக ஆறு ஏழு நிமிஷமா நீட்டினாரு. நடுவுல எல்லாத்தையும் எடுத்துட்டுத் தாளத்தை மட்டும் விட்டாரு. சின்னத் தகடு தீர்ந்துபோச்சுன்னு தற்செயலாப் பெரிய தகடுல வெட்டப்போய்த்தான் 12 இன்ச் சிங்கிளே வந்துச்சு. அது ரீமிக்ஸ். நீ பண்றது பித்தலாட்டம்.

வேற வழியில்லாம செட்டுக்குக் கீழ கமெண்ட்ல கேட்டேன். இந்த நேரத்துல வர்ற டிராக் பேர் தெரியுமான்னு, நேரத்தோட போட்டு, மரியாதையாத்தான் கேட்டேன். முதல் பதில், டாரூட் – சாண்ட்ஸ்டார்ம். 1999ல வந்த பாட்டு. எவன் எந்தப் பாட்டுப் பேர் கேட்டாலும் இதையே பதிலாப் போடறது ஒரு ஜோக்காம். எத்தனை வருஷமாடா இதையே போடுவீங்க? கேக்கறவன் ஒரு பாட்டு மேல ஆசைப்பட்டுக் கேக்கறான், அதுல உங்களுக்கு என்ன சிரிப்பு?

அவனாவது பரவாயில்ல, சின்னப் பையனா இருக்கலாம். அடுத்து ஒருத்தர் வந்தாரு. “எனக்குத் தெரியும், ஆனா சொல்லக்கூடாது.” இவ்வளவுதான் பதில். தெரிஞ்சா சொல்லு, சொல்லக்கூடாதுன்னா வாயை மூடிக்கிட்டுப் போ. ரெண்டுமில்லாம, தெரியும்னு மட்டும் வந்து சொல்லிட்டுப் போறதுக்கு என்ன அர்த்தம்? பசியில இருக்கறவன் எதிர்ல வந்து நான் சாப்பிட்டுட்டேன்னு ஏப்பம் விடற புத்தி இது. அதுக்குக் கீழ பத்து பேரு எனக்கும் சொல்லுங்க, எனக்கும் சொல்லுங்கன்னு கெஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க. ஆள் திரும்பவே இல்ல.

இந்தப் பதுக்கல் இன்னிக்கு நேத்து வந்ததில்லன்னு எனக்கும் தெரியும். 1950கள்ல ஜமைக்காவுல பெரிய ஸ்பீக்கர் வெச்சு ஊரை ஆட வெச்ச சவுண்ட் சிஸ்டம்காரங்க அமெரிக்காவிலேர்ந்து ரெக்கார்ட் வாங்கிட்டு வந்து, போட்டிக்காரன் கண்டுபிடிச்சிடக்கூடாதுன்னு ரெக்கார்ட் நடுவுல ஒட்டியிருக்கிற லேபிளைச் சுரண்டி எடுத்தாங்க. இங்கிலாந்துல பழைய அமெரிக்க சோல் பாட்டுக்கு ஆடின நார்தர்ன் சோல் காலத்துல, விகன் கசினோங்கிற கிளப்புல எல்லாம், டிஜேக்கள் லேபிள் மேல காகிதம் ஒட்டிப் பொய்ப் பேர் எழுதினாங்க. ஊர் ஊராத் திரிஞ்சு, தூசி மண்டின கிடங்குல ஆயிரக்கணக்கான ரெக்கார்டைப் புரட்டித் தேடி எடுத்தவங்க அவங்க. காசும் உழைப்பும் போட்டவன் கொஞ்ச நாள் பொத்தி வெச்சுக்கிட்டா, ஒத்துக்க முடியலன்னாலும் புரிஞ்சுக்கலாம். இன்னிக்கு டிஜேக்கு டிராக் எப்படி வருது? மெயில்ல வருது. பண்ணவனே லிங்க் அனுப்பி, அண்ணே ஒரு தடவை போடுங்கண்ணேன்னு கெஞ்சறான். அந்தப் பையன் பேரை வெளிய சொல்றதுக்கு இவருக்கு என்ன கேடு? ரிலீஸ் தேதிக்கு முன்னாடி சொல்லக்கூடாதுன்னு லேபிள்காரன் கேட்டுக்கிட்டா, ரிலீஸ் ஆனதும் சொல்லு. ரெண்டு வருஷம் கழிச்சும் ஐடி – ஐடின்னே கிடக்குதே எத்தனையோ செட்டுல!

கடைசியா ஒரு புண்ணியவான் லிங்க் குடுத்தாரு. அவர் நல்லா இருக்கணும். லேபிள் எதுவும் இல்லாத பூட்லெக், அதாவது அனுமதி வாங்காமப் பண்ண ரீமிக்ஸ், பண்ணவனே தன் பக்கத்துல போட்டிருக்கான், இலவச டவுன்லோட். இலவசம்னா எப்படி? பட்டனை அமுக்கினா ஒரு பக்கம் திறக்குது. முதல்ல என்னை ஃபாலோ பண்ணு. அப்புறம் என் ஃபிரெண்டை ஃபாலோ பண்ணு. யார்னே தெரியாத ஒரு பிளேலிஸ்ட்காரனை ஃபாலோ பண்ணு. லைக் போடு, ரீபோஸ்ட் போடு, கமெண்ட் எழுது, மெயில் ஐடி குடு. கமெண்ட் எழுதாம அடுத்த கட்டம் திறக்கவே திறக்காது. பாட்டைக் கையில வாங்கறதுக்கு முன்னாடியே பிரமாதம்னு எழுதிக் குடுக்கணும்! நேரா நூறு ரூபா கேளுய்யா, சந்தோஷமாத் தர்றேன். காசு குடுக்கிறேன்னு சொல்றவனுக்கு வழியே இல்ல, காலைப் பிடிக்கிறவனுக்குத்தான் பாட்டு.

எல்லாம் பண்ணி முடிச்சுக் கோப்பு வந்துச்சு. பேர்ல 320ன்னு, அதாவது உசத்தித் தரம்னு போட்டிருக்கு. காதுல வெச்ச உடனே தெரிஞ்சுபோச்சு, ஹை-ஹாட் மணல் அள்ளிக் கொட்டற சத்தமா கேக்குது. எந்த அலைவரிசை எவ்வளவு இருக்குன்னு காட்டற ஸ்பெக்ட்ரம் படத்தைத் திறந்து பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்தி வெச்சு அறுத்த மாதிரி மேல ஒண்ணுமே இல்ல, வெறும் கறுப்பு. 128ங்கிற மட்டமான தரத்துல இருந்ததை எடுத்து 320ன்னு மறுபடி சுட்டிருக்கான். போதாக்குறைக்கு, அந்தக் குரல் இழுத்துக்கிட்டே போற இடம் இருக்கே, நான் உருகினேனே அந்த இடம், அங்கதான் ஒரு ஆள் வந்து அவன் பக்கத்தோட பேரைக் கத்தறான். ஒரு தடவை இல்ல, கிக் திரும்ப விழற டிராப்புக்கு முன்னாடி மறுபடியும்.

இத்தனையும் விடுங்க. அந்தக் குரல் யாரோடது? அதுதான் இன்னும் தெரியல. மூலப் பாட்டுல பாடினவங்க பேர் போடல. தேடிப் போனா அது சாம்பிள் பேக்ல, அதான் யார் வேணா வாங்கித் தன் பாட்டுல சேர்த்துக்கிற துண்டு ஒலிகளோட மூட்டையில, விக்கிற குரல். அந்தப் பேக்ல அவங்களுக்கு வெச்சிருக்கிற பேரு ஃபீமேல் வோக்கல், பக்கத்துல ஒரு நம்பர். ஒரு மனுஷி ஸ்டூடியோவுல நின்னு மூச்சை அடக்கிப் பாடியிருக்காங்க. அதை ஒருத்தன் வாங்கி, இன்னொருத்தன் வெட்டி, மூணாவது ஆள் கிளப்புல போட்டு, கூட்டம் கைதூக்கி ஆடுது. பாடினவங்களுக்கு மிஞ்சினது ஒரு நம்பர். இதுதான் என்னைத் தூங்க விடல.

பேர்ல என்ன இருக்குன்னு யாராவது கேட்டா சரண்ஜித் சிங் கதையைச் சொல்லுங்க. பம்பாய்ல சினிமாவுக்கு வாசிச்சுக்கிட்டிருந்தவரு. 1982ல ரோலண்ட் கம்பெனியோட டிபி-303ங்கிற பேஸ் கருவி, டிஆர்-808ங்கிற டிரம் கருவி, ஜூபிடர்-8ங்கிற சிந்தசைசர் மூணையும் வெச்சுக்கிட்டு, பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஒரு ரெக்கார்ட் போட்டாரு. விக்கல, எல்லாரும் மறந்துட்டாங்க. சிகாகோவுல அதே 303ஐத் திருகி ஆசிட் ஹவுஸ்னு ஒரு கிளப் இசை கிளம்பினது அதுக்குச் சில வருஷம் கழிச்சுத்தான். 2002ல எடோ பவுமன்னு ஒரு டச்சுக்காரர் இந்தியாவுல ஒரு கடையில அந்த ரெக்கார்டைக் கண்டெடுத்தாரு. ஆளைத் தேடிப் பிடிச்சு 2010ல மறுபடி வெளியிட்டாரு. எழுபது வயசைத் தாண்டினப்புறம் அந்தப் பெரியவர் வெளிநாட்டு மேடையில நின்னு 303ஐ வாசிச்சாரு. எப்படி முடிஞ்சது? அட்டையில பேர் அச்சடிச்சிருந்தது. அவ்வளவுதான். அங்க ஐடி – ஐடின்னு போட்டிருந்தா 2015ல அவர் செத்தப்போ ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது.

ரீமிக்ஸ் பண்ணவன் பேரும் அதே அளவுக்கு முக்கியம். எவ்ரிதிங் பட் தி கேர்ள்ங்கிற இங்கிலாந்து ஜோடியோட மிஸ்ஸிங்ங்கிற பாட்டு 1994ல வந்து எடுபடாமப் போச்சு. டாட் டெர்ரிங்கிற நியூயார்க் டிஜே அதுக்குக் கீழ ஹவுஸ் தாளம் வெச்சப்புறம்தான் உலகம் முழுக்க ஓடுச்சு, அமெரிக்காவுல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. அந்த மனுஷன் பேர் தெரிஞ்சவன் அவரோட மத்த ரீமிக்ஸைத் தேடிப் போவான், அங்கிருந்து நியூயார்க் ஹவுஸ், அங்கிருந்து இன்னொண்ணு. புதுப் பாட்டைக் கண்டுபிடிக்கிறதுன்னா எங்களுக்கெல்லாம் இதுதான். ஒரு பேரைப் பிடிச்சு அடுத்த பேருக்குப் போறது. ரெக்கார்ட் விவரமெல்லாம் சேர்த்து வெக்கிற டிஸ்காக்ஸ் தளத்துல முகம் தெரியாத ஆட்கள் 2000லேர்ந்து ரெக்கார்ட் நடுவுல கீறியிருக்கிற நம்பரைக்கூட லென்ஸ் வெச்சுப் படிச்சு ஏத்திக்கிட்டிருக்காங்களே, அவங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும்.

ஆனா இன்னிக்குப் பெரிய பாட்டுத் தளங்கள் பண்றது என்ன? உனக்காகன்னு ஒரு பட்டியல், அதுல போன வாரம் கேட்டதே இந்த வாரமும். 30 விநாடி ஓடினாத்தான் ஒரு கேட்புன்னு கணக்கு ஆகிடுச்சு. அதனால ஆறு நிமிஷ எக்ஸ்டெண்டட் மிக்ஸைத் தூக்கிட்டு, எடுத்த எடுப்புல பாட ஆரம்பிக்கிற ரெண்டரை நிமிஷத் துண்டைத்தான் முன்னாடி நிறுத்தறாங்க. வெறும் கிக்கும் ஹாட்டும் 32 பார், அதாவது 32 தாள வட்டம், போயி ஒவ்வொண்ணா சேர்ந்து ஏறற சுகம் இனி வர்ற பசங்களுக்குத் தெரியவே போறதில்ல. இதுக்கு மேல ஏஐ வேற. 2025 ஏப்ரல்ல டீசர்ங்கிற பாட்டுத் தள நிறுவனமே சொன்னது, அப்பவே தினமும் 20,000க்கு மேல முழுக்க ஏஐ பண்ண பாட்டு வந்து குவிஞ்சுதாம், மொத்த வரவுல 18 சதவீதம். மனுஷன் பண்ணதையே தேடி எடுக்க முடியல, இதுல ஆளே இல்லாத பாட்டு மலை மலையா!

நம்ம ஊர்த் திருவிழாவுல குத்துப் பாட்டு ரீமிக்ஸ் போடற பசங்க பாட்டு நடுவுல தன் பேரை எக்கோ வெச்சு முழங்கறாங்களேன்னு நான் ரொம்ப நாள் எரிஞ்சு விழுந்திருக்கேன். இப்ப சொல்றேன், அந்தப் பசங்க எவ்வளவோ மேல். இன்னார் பண்ணதுன்னு ஊருக்கே கேக்குது. ஒரே குறை, மூலப் பாட்டோட இசையமைப்பாளர் பேரைப் போடாம ஓல்டு சாங் ஹை பேஸ்னு முடிச்சிடறாங்க. தம்பிகளா, அதையும் ஒரு வரி போட்டுடுங்க, உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடறேன்.

இன்னொண்ணு. போன்ல இயர்போன் சொருகற ஓட்டையை எடுத்தானே ஒருத்தன், அவனைப் பார்த்து எல்லாரும் எடுத்தாங்களே, அவங்களை என்ன செய்யறது? அந்தப் பாடாவதிக் கோப்பையாவது கண்ணை மூடிக் கேட்போம்னு படுத்தேன். சரியா கிக் திரும்ப வந்து விழப்போற இடத்துல காதுக்குள்ள ஒரு பொண்ணு பேட்டரி லோங்கறா. ஒயர் போட்ட இயர்போனுக்கு என்னிக்காவது சார்ஜ் தீர்ந்திருக்கா? நல்லா இருந்ததை எதுக்குடா புடுங்கினீங்க?